வேண்டாத அப்கிரேடை லினக்ஸில் நிறுத்திவைப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2024 ஜனவரி. ஏற்காட்டில் காப்பிப் பழப் பறிப்பு முடிகிற நேரம். ஒரு சனிக்கிழமை காலை எஸ்டேட் ரைட்டர் போன் செய்தார். "அண்ணா, கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுதுங்க. ஆனா நெட்டு வரலைங்க, வைஃபை குறியவே காணோமுங்க. கூலிப் பட்டியல மத்தியானத்துக்குள்ள அனுப்பணும்." முந்தின நாள் சாயங்காலம் வரை ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர் அது. யாரும் எதையும் தொடவில்லை என்றார். அவர் சொன்னது உண்மைதான்.

சேலத்தில் கடைகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுத்து, பிறகு பார்த்துக்கொள்வதும் என் வேலை. கோரிமேடு தாண்டி அடிவாரம், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. மேலே போய்த் திரையைப் பார்த்ததும் காரணம் பிடிபட்டது. வெள்ளிக்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டவுடன் பின்னணியில் தானாக ஓர் அப்கிரேட் ஓடி, புதிய கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதியை) ஏற்றியிருக்கிறது. புதிய கெர்னல் அடுத்த முறை கம்ப்யூட்டரைப் போடும்போதுதான் வேலைக்கு வரும். அதனால் வெள்ளிக்கிழமை முழுக்க ஒன்றும் தெரியவில்லை. சனிக்கிழமை காலை தெரிந்தது. அந்த அலுவலகத்துக்கு இணையம் வருவது ஒரு யுஎஸ்பி வைஃபை குச்சி வழியாக. அதன் டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், கெர்னலோடு வருவதல்ல, தனியாக நிறுவியது. புதிய கெர்னலுக்கு ஏற்ப அந்த டிரைவர் உருவாகாமல் பிழை காட்டி நின்றுவிட்டது. டிரைவரைச் சரிசெய்ய இணையம் வேண்டும். இணையம் வர டிரைவர் வேண்டும்.

இப்படி மாட்டிக்கொண்டால் முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, தொடங்கும்போது எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். பழைய கம்ப்யூட்டர் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று கேட்கும் கிரப் மெனு வரும். அதில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' என்று தொடங்கும் வரிக்குள் போனால், இருக்கிற கெர்னல்கள் வரிசையாக நிற்கும். அன்று மேலே 6.5, கீழே 6.2 இருந்தது. 6.2-ஐத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினேன். வைஃபை குறி வந்துவிட்டது. கூலிப் பட்டியலும் போய்ச் சேர்ந்தது.

ஆனால் அந்த எஸ்டேட்டில் பறிப்பு முடியும்வரை இன்னொரு முறை இப்படி நடக்கக்கூடாது. அதற்குத்தான் இந்தக் கட்டுரை. எல்லா அப்கிரேடையும் மொத்தமாக நிறுத்தச் சொல்ல மாட்டேன். அப்படி நிறுத்திவைத்த கம்ப்யூட்டர்களையும் பார்த்திருக்கிறேன், அவை ஓட்டைப் பானை. எந்த பேக்கேஜ் (மென்பொருள் பொட்டலம்) தொல்லை தருமோ அதை மட்டும், எதற்காக என்று தெரிந்து, எத்தனை நாளுக்கு என்று முடிவு செய்து நிறுத்த வேண்டும்.

தொடங்கும் முன் கட்டளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றை வாயால் சொல்கிற மாதிரியே தமிழெழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலில், ஆங்கில எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்தாக அடியுங்கள். சூடோ என்றால் எஸ், யு, டி, ஓ; நிர்வாகி அனுமதியோடு செய் என்று பொருள். ஆப்ட் என்றால் ஏ, பி, டி. இடிசி என்பது இ, டி, சி என்ற மூன்றெழுத்து ஃபோல்டர், வேர் என்பது வி, ஏ, ஆர். சொல்லுக்கு முன் இரண்டு கோடு இருந்தால் இரண்டு கோடும் அடிக்க வேண்டும்.

அப்டேட் வேறு, அப்கிரேட் வேறு

லீ பஜார் மண்டிக்குப் போய் இன்றைய விலைப் பட்டியலை மட்டும் எழுதிக்கொண்டு வருவது அப்டேட். பட்டியலைப் பார்த்து சரக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவது அப்கிரேட். 'சூடோ ஆப்ட் அப்டேட்' என்று அடித்தால் உங்கள் கம்ப்யூட்டரில் எந்த மென்பொருளும் மாறாது. 'சூடோ ஆப்ட் அப்கிரேட்' என்றால்தான் மாறும். 'ஃபுல்-அப்கிரேட்' என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. தேவைப்பட்டால் அது சில பேக்கேஜ்களை நீக்கியும் விடும். கடைக் கம்ப்யூட்டரில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்காதீர்கள்.

ஆப்ட் என்பது டெபியன் என்ற லினக்ஸ் குடும்பத்தில் பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் கருவி. உபுண்டு, லினக்ஸ் மின்ட், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய போஸ் லினக்ஸ் எல்லாம் இந்தக் குடும்பம்தான். நம் ஊரில் புதிதாக லினக்ஸுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இவற்றில்தான் தொடங்குகிறார்கள். ஆகவே அதை விரிவாகச் சொல்லி, மற்றவற்றைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் என்ன மாறியது, என்ன மாறப்போகிறது என்று பாருங்கள்

நோய் தெரியாமல் மருந்து வேண்டாம். ஏற்கெனவே ஏதோ கெட்டுவிட்டது என்றால் இதை அடியுங்கள்:

லெஸ் /வேர்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்

கோப்பின் கடைசிக்குப் போக, பெரிய எழுத்து ஜி-யை அடியுங்கள். ஒவ்வொரு அப்கிரேடும் ஒரு பத்தியாக இருக்கும். முதல் வரி தேதியும் நேரமும். அடுத்து 'கமாண்ட்லைன்' என்ற வரி. நீங்கள் கையால் செய்திருந்தால் ஆப்ட் கட்டளை அங்கே இருக்கும். தானாக நடந்திருந்தால் 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்' என்று இருக்கும். அதன் கீழே 'இன்ஸ்டால்', 'அப்கிரேட்' என்ற வரிகளில் பேக்கேஜ் பெயரும், பழைய பதிப்பெண்ணும், புதிய பதிப்பெண்ணும். எஸ்டேட் கம்ப்யூட்டரில் இந்தப் பத்தியைத்தான் ரைட்டரிடம் விரல் வைத்துக் காட்டினேன். வெள்ளிக்கிழமை காலை நேரம் அதில் பதிவாகியிருந்தது. தான் எதுவும் செய்யவில்லை என்பதற்கு எழுத்துப்பூர்வ சாட்சி கிடைத்ததில் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி.

இனி வரப்போவதைப் பார்க்க:

சூடோ ஆப்ட் அப்டேட்
ஆப்ட் லிஸ்ட் --அப்கிரேடபிள்

இன்னும் தெளிவாகத் தெரிய ஒத்திகை பார்க்கலாம்:

ஆப்ட்-கெட் -எஸ் அப்கிரேட்

இது எதையும் நிறுவாது. சூடோவும் வேண்டாம். 'இன்ஸ்ட்' என்று தொடங்கும் ஒவ்வொரு வரியும் நிறுவப்படப்போகும் ஒரு பேக்கேஜ். அந்த வரியில் சதுர அடைப்புக்குள் இப்போதைய பதிப்பு, வட்ட அடைப்புக்குள் வரப்போகும் பதிப்பு. ஃபுல்-அப்கிரேடை ஒத்திகை பார்க்கும்போது 'ரெம்வ்' என்று தொடங்கும் வரி வந்தால் உடனே நின்று படியுங்கள், அது நீக்கப்படப்போகும் பேக்கேஜ். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற கடைகளில் இந்த ஒத்திகையைப் பார்க்காமல் நான் அப்கிரேட் கொடுப்பதே இல்லை.

ஹோல்ட்: ஒரு பேக்கேஜுக்குப் பூட்டு

எளிய வழி இதுதான். உதாரணத்துக்கு, கடையில் உள்ள பிரிண்டருக்கு இப்போதுள்ள கப்ஸ் பதிப்புதான் ஒத்துப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். கப்ஸ் என்பது லினக்ஸில் அச்சு வேலையைப் பார்க்கும் மென்பொருள்.

சூடோ ஆப்ட்-மார்க் ஹோல்ட் கப்ஸ்

'கப்ஸ் செட் ஆன் ஹோல்ட்' என்று ஒரே வரியில் பதில் வரும். அவ்வளவுதான். இனி அப்கிரேட் கொடுத்தால் மற்றவை ஏறும், இது அசையாது. என்னென்ன பூட்டியிருக்கிறோம் என்று பார்க்க:

ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்

பூட்டைத் திறக்க:

சூடோ ஆப்ட்-மார்க் அன்ஹோல்ட் கப்ஸ்

பூட்டிய பிறகு அப்கிரேட் கொடுக்கும்போது 'கெப்ட் பேக்' என்ற தலைப்பின் கீழே அந்தப் பெயரைக் காட்டும். புதியவர்கள் இதைப் பிழை என்று நினைத்துவிடுகிறார்கள். பிழை இல்லை, நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்கிறது. ஆனால் நீங்கள் பூட்டாத பேக்கேஜும் அதே தலைப்பில் வரலாம். உபுண்டுவில் சில அப்கிரேடுகளை எல்லோருக்கும் ஒரே நாளில் தராமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுவார்கள், உங்கள் முறை வரும்வரை அது காத்திருக்கும். நாம் பூட்டியதா, தானாகக் காத்திருப்பதா என்ற சந்தேகம் வந்தால் ஷோஹோல்ட் பாருங்கள். அந்தப் பட்டியலில் இருந்தால் நம் பூட்டு.

குழப்பும் செய்தி இன்னொன்று உண்டு: 'யூ ஹேவ் ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்'. நீங்கள் எதையுமே ஹோல்ட் செய்யாதபோதும் இது வரும். ஒரு பேக்கேஜுக்குத் தேவையான வேறொன்று கிடைக்கவில்லை, அல்லது இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்பதே பெரும்பாலும் இதன் பொருள். வெளி ரெப்போ, அதாவது பேக்கேஜ் வருகிற வேறு கிடங்கு, எதையாவது சேர்த்திருந்தால் முதலில் அங்கே தேடுங்கள்.

லினக்ஸ் மின்டில் அப்டேட் மேனேஜரிலேயே ஒரு பேக்கேஜின் மேல் வலது கிளிக் செய்து, அதைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லலாம். அது அந்த ஜன்னலுக்கு மட்டுமே கட்டுப்படும். டெர்மினலில் யாராவது ஆப்ட் அப்கிரேட் கொடுத்தால் ஏறிவிடும். ஆகவே மின்டிலும் ஆப்ட்-மார்க் ஹோல்டையே நம்புங்கள்.

கெர்னலைப் பூட்டுவதில் எல்லோரும் தவறுகிற இடம்

கெர்னலை ஹோல்ட் செய்தேன், ஆனாலும் புதியது வந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் பலர். காரணம் பெயரில் இருக்கிறது. மற்ற பேக்கேஜ்களுக்குப் பெயர் ஒன்று, பதிப்பெண் மாறிக்கொண்டே போகும். கெர்னலுக்கு அப்படி இல்லை. அதன் பெயருக்குள்ளேயே பதிப்பெண் உண்டு. 'லினக்ஸ்-இமேஜ்-6.2.0-39-ஜெனரிக்' என்பது ஒரு பேக்கேஜ். 'லினக்ஸ்-இமேஜ்-6.5.0-14-ஜெனரிக்' என்பது முற்றிலும் வேறொரு பேக்கேஜ். முதலாவதைப் பூட்டினால் இரண்டாவது வருவதை எது தடுக்கும்?

புதிய கெர்னலை உள்ளே இழுத்துவருவது இன்னொரு பேக்கேஜ். மெஸ் வாசலில் 'இன்றைய ஸ்பெஷல்' என்று ஒரு பலகை தொங்குமே, அது மாதிரி. பலகை அதேதான், அதில் எழுதுகிற பதார்த்தம்தான் நாளுக்கு நாள் மாறும். உபுண்டுவில் அந்தப் பலகையின் பெயர் 'லினக்ஸ்-ஜெனரிக்'. டெபியனில் 64 பிட் கம்ப்யூட்டருக்கு 'லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64'. உள்ளே இன்டெல் சிப் இருந்தாலும் பெயர் அதுதான், பயப்பட வேண்டாம். பூட்ட வேண்டியது பலகையை. உபுண்டுவில்:

சூடோ ஆப்ட்-மார்க் ஹோல்ட் லினக்ஸ்-ஜெனரிக் லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்

மூன்றையும் ஒரே வரியில் கொடுக்கலாம். ஆனால் உங்கள் கம்ப்யூட்டரில் பலகை இதுதானா என்று முதலில் பாருங்கள். உபுண்டு 22.04 டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் 'எச்டபிள்யூஇ-22.04' என்று ஒரு வால் இருக்கும். புதிய வன்பொருளுக்காக அவ்வப்போது பெரிய தாவலாகத் தாவும் கெர்னல் வரிசை அது. 2024 ஜனவரியில் அந்த வரிசைதான் 6.2-லிருந்து 6.5-க்குத் தாவியது. உங்களிடம் எது இருக்கிறது என்று அறிய:

டி-பேக்கேஜ் -எல் 'லினக்ஸ்-*'

டி-பேக்கேஜ் என்பதை டி, பி, கே, ஜி என்ற நான்கெழுத்தாக அடிக்க வேண்டும். வருகிற பட்டியலில் 'ஐஐ' என்று தொடங்கும் வரிகள் மட்டுமே இப்போது நிறுவப்பட்டிருப்பவை. அவற்றில் பெயருக்குள் 6.2.0-39 மாதிரி முழுக் கெர்னல் எண் இல்லாத ஜெனரிக் பேக்கேஜ்கள்தாம் பலகைகள். வாலில் வரும் 22.04 உபுண்டுவின் பதிப்பு, கெர்னல் எண் அல்ல.

புதிய கெர்னல் ஏறுவதற்கு முன்பே பூட்டிவிட்டால் இத்துடன் வேலை முடிந்தது. எஸ்டேட்டில் ஏறிவிட்டதால் இன்னும் இரண்டு வேலை இருந்தது. ஒன்று, கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் பழைய கெர்னலிலேயே தொடங்க வேண்டும். அதற்கு /இடிசி/டிஃபால்ட்/கிரப் என்ற கோப்பைத் திறந்து, கிரப்_டிஃபால்ட் என்ற வரியில் 0 இருக்கும் இடத்தில் 'சேவ்ட்' என்று எழுதி, அடுத்த வரியில் 'கிரப்_சேவ்டிஃபால்ட்=ட்ரூ' என்று சேர்க்க வேண்டும். இந்த இரண்டு வரியிலும் சமக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது எல்லாம் பெரிய எழுத்து, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு. பிறகு 'சூடோ அப்டேட்-கிரப்'. இனி மெனுவில் ஒருமுறை தேர்ந்தெடுத்த கெர்னலையே அது நினைவில் வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, பழைய கெர்னல் துடைத்தெறியப்படாமல் காக்க வேண்டும். 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' இனித் தேவையில்லாத பேக்கேஜ்களோடு பழைய கெர்னல்களையும் நீக்குகிற கட்டளை. இடத்தை மிச்சப்படுத்த யாராவது அதை அடித்துவிட்டால் நம் 6.2-உம் ஒரு நாள் போய்விடலாம். அதைத் தடுக்க:

சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல் லினக்ஸ்-இமேஜ்-6.2.0-39-ஜெனரிக் லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா-6.2.0-39-ஜெனரிக்

இது நான் கேட்டு நிறுவியது, தானாக வந்ததல்ல என்று ஆப்டுக்குச் சொல்வதே 'மேனுவல்'. பின்னால் உள்ள 'மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா'வையும் மறக்காதீர்கள். பல வன்பொருள் டிரைவர்கள் அதற்குள்தான் இருக்கின்றன.

எனக்கென்று ஒரு கருத்து உண்டு. கெர்னலைப் பல மாதம் பூட்டிவைப்பதைவிட, உபுண்டு 22.04-இல் வால் இல்லாத 'லினக்ஸ்-ஜெனரிக்' வரிசைக்கு மாறிவிடுவது மேல். அது 5.15-லேயே நிற்கும், தாவாது. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 ஏப்ரல் வரை வந்துகொண்டிருக்கும். 6.2-இல் பூட்டி உட்கார்ந்தால் அந்தத் திருத்தம் எதுவும் வராது. வன்பொருள் மிகப் புதியதாக இல்லாவிட்டால் 5.15 தாராளமாகப் போதும்.

பின்: பெரிய பதிப்பு வேண்டாம், சின்னத் திருத்தம் வேண்டும்

ஹோல்ட் ஒரு முழுப் பூட்டு. நல்லதையும் சேர்த்துத் தடுத்துவிடும். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடை. எடை, கூலி, பழைய வெள்ளி வரவு எல்லாம் அவர்களுக்கென்று எழுதப்பட்ட பில்லிங் மென்பொருளில், மரியாடிபி 10.6 டேட்டாபேஸில் இருக்கின்றன. புதிய வசதி ஏதோ வேண்டுமென்று இடையில் ஒருவர் வெளி ரெப்போ ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போயிருந்தார். அதில் 10.11 காத்திருந்தது. டேட்டாபேஸ் ஒருமுறை பெரிய பதிப்புக்கு ஏறிவிட்டால் அதே கோப்புகளோடு பழைய பதிப்புக்கு இறங்குவதை மரியாடிபி ஆதரிப்பதில்லை. கல்யாண சீசனில் கொலுசுக் கடை பில் போடாமல் நிற்க முடியாது. அதே சமயம் 10.6-க்குள் வருகிற பாதுகாப்புத் திருத்தங்களை இழக்கவும் கூடாது.

இதற்கு 'பின்' என்ற முறை, குண்டூசி குத்துவது மாதிரி ஒரு பதிப்பு வரிசையில் நிறுத்திவைப்பது. முதலில் நிலவரத்தைப் பாருங்கள்:

ஆப்ட் பாலிசி மரியாடிபி-சர்வர்

'இன்ஸ்டால்ட்' என்ற வரி இப்போது இருப்பது. 'கேண்டிடேட்' என்ற வரி அடுத்து ஏறப்போவது. கீழே ஒவ்வொரு பதிப்புக்கும் பக்கத்தில் ஓர் எண், வழக்கமாக 500. அதுதான் முன்னுரிமை. அதிக எண் உள்ளதே ஜெயிக்கும், எண் சமமாக இருந்தால் புதிய பதிப்பு ஜெயிக்கும். நாம் செய்யப்போவது 10.6-க்கு அதிக எண் கொடுப்பது. /இடிசி/ஆப்ட்/ப்ரிஃபரன்சஸ்.டி என்ற ஃபோல்டரில் 'மரியாடிபி' என்ற பெயரில் ஒரு கோப்பை உண்டாக்கி, மூன்று வரி எழுதுங்கள். இங்கே வரியின் தலைப்புச் சொற்கள் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும்:

பேக்கேஜ்: மரியாடிபி-* லிப்மரியாடிபி*
பின்: வெர்ஷன் 1:10.6.*
பின்-பிரையாரிட்டி: 1001

நடு வரியில் 10.6-க்கு முன்னால் நிற்கும் '1:' என்பதைக் கவனியுங்கள். எபோக் என்பார்கள், பதிப்பெண் முறையே மாறும்போது டெபியன்காரர்கள் முன்னால் ஒட்டும் எண் அது. பாலிசி கட்டளையில் 1:10.6 என்று தெரிந்தால் பின் வரியிலும் அப்படியே எழுத வேண்டும். நான் முதல் முறை அதை விட்டுவிட்டு, ஏன் பின் வேலை செய்யவில்லை என்று அரை நாள் தேடியிருக்கிறேன். எழுதி முடித்ததும் மறுபடி பாலிசி பாருங்கள். கேண்டிடேட் 10.6-இல் தொடங்கினால் பின் பிடித்துவிட்டது. 10.11 பட்டியலில் இருக்கும், ஆனால் ஏறாது. 10.6-க்குள் புதிய திருத்தம் வந்தால் ஏறும்.

எண்களைப் பற்றிக் கொஞ்சம். 1000-க்கு மேல் கொடுத்தால் தேவைப்படும்போது கீழ்ப் பதிப்புக்கு இறக்கவும் அனுமதி தருகிறீர்கள் என்று பொருள். அது வேண்டாமென்றால் 990 போதும். பூஜ்யத்துக்குக் கீழே, அதாவது கழித்தல் எண் கொடுத்தால் அந்த பேக்கேஜ் நிறுவப்படவே படாது. இதற்கு நல்ல உதாரணம் லினக்ஸ் மின்டிலேயே இருக்கிறது. மின்ட் 20 முதல் 'நோஸ்னாப்.ப்ரெஃப்' என்று ஒரு கோப்பை இதே ஃபோல்டரில் வைத்து, ஸ்னாப்டி (ஸ்னாப் வகை மென்பொருளை ஓட்டுவது) என்ற பேக்கேஜுக்கு -10 கொடுத்து அதை வாசலிலேயே நிறுத்துகிறார்கள். உங்களிடம் மின்ட் இருந்தால் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். பின் எழுத அதைவிடச் சுலபமான பாடம் இல்லை.

பின் போடுவதற்கு முன் டேட்டாபேஸை ஒரு பென்டிரைவில் பேக்கப் எடுத்துவிடுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடவே கூடாது.

தானாக ஓடுகிறவை

உபுண்டுவில் 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' இயல்பாகவே பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்றும். காலை 6 மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு சமயம் அது தொடங்குமாறு வைத்திருக்கிறார்கள். அந்நேரம் கம்ப்யூட்டர் அணைந்திருந்தால்? கடை திறந்து சுவிட்சைப் போட்டதும் விட்ட வேலையைத் தொடங்கும். காலையில் முதல் பில் போடும்போது கம்ப்யூட்டர் திணறுகிறது என்பார்கள் கடைக்காரர்கள், பல இடங்களில் அதற்குக் காரணம் இதுதான்.

ஹோல்ட் செய்த பேக்கேஜை இதுவும் தொடாது. கூடுதல் காப்பு வேண்டுமென்றால் /இடிசி/ஆப்ட்/ஆப்ட்.கான்ஃப்.டி ஃபோல்டரில் '50அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' என்ற கோப்பில் 'பேக்கேஜ்-பிளாக்லிஸ்ட்' என்ற பகுதியைத் தேடுங்கள். அதில் ஒரு மாதிரி வரி, 'லினக்ஸ்-' என்று இரட்டை மேற்கோளுக்குள், முன்னால் இரண்டு சாய்கோட்டோடு இருக்கும். சாய்கோடுகளை எடுத்துவிட்டால் லினக்ஸ்- என்று தொடங்கும் எதுவும் தானாக ஏறாது, நீங்கள் கையால் கொடுத்தால் மட்டும் ஏறும். வரிக் கடைசியில் உள்ள அரைப்புள்ளியை அழித்துவிடாதீர்கள். சரியாக எழுதினோமா என்று பார்க்க:

சூடோ அன்அட்டெண்டட்-அப்கிரேட் --டிரை-ரன் --டீபக்

ஸ்னாப் என்ற இன்னொரு பேக்கேஜ் முறை தனி ஆள். ஆப்ட்-மார்க் அதைக் கட்டுப்படுத்தாது. உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாகவே வருகிறது, ஒரு நாளைக்கு நான்கு முறை புதியது இருக்கிறதா என்று பார்க்கும். ஆன்லைன் விண்ணப்பங்கள் நிரப்பும் ஒரு பிரவுசிங் சென்டரில் கடைசித் தேதி நெருக்கத்தில் மூன்று நாள் மட்டும் நிறுத்த இப்படிச் செய்தோம்:

சூடோ ஸ்னாப் ரிஃப்ரெஷ் --ஹோல்ட்=72எச் ஃபயர்ஃபாக்ஸ்

எச் என்பது மணி நேரம். நேரம் தராமல் வெறும் ஹோல்ட் கொடுத்தால் நீங்கள் --அன்ஹோல்ட் கொடுக்கும்வரை நிற்கும். பிரவுசர் விஷயத்தில் அப்படிச் செய்யாதீர்கள், கட்டாயம் கெடு வையுங்கள். புதியது ஏறிக் கெட்டுவிட்டால் 'சூடோ ஸ்னாப் ரிவர்ட் ஃபயர்ஃபாக்ஸ்' முந்தைய பதிப்புக்குத் திருப்பிவிடும். மலைமேல் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி ஓட்டுகிறவர்கள் 'சூடோ ஸ்னாப் செட் சிஸ்டம் ரிஃப்ரெஷ்.மீட்டர்ட்=ஹோல்ட்' கொடுத்து, அந்த வைஃபை இணைப்பை மீட்டர்ட் (டேட்டாவுக்கு அளவு உள்ளது) என்று குறித்துவிட்டால் டேட்டா மிச்சம்.

மலையில் மழைக்காலம் என்றால் இன்னொரு தொல்லை, அப்கிரேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போவது. திரும்ப வந்ததும் பதற வேண்டாம்:

சூடோ டி-பேக்கேஜ் --கான்ஃபிகர் -ஏ

பாதியில் நின்றதை அது முடித்துவைக்கும்.

மற்ற குடும்பங்கள்

ஃபெடோராவிலும் அதன் உறவுகளிலும் 'சூடோ டிஎன்எஃப் வெர்ஷன்லாக் ஆட்' என்று அடித்து பேக்கேஜ் பெயரைத் தர வேண்டும். பார்க்க 'லிஸ்ட்', திறக்க 'டிலீட்'. இந்த வசதிக்குச் சில பதிப்புகளில் தனியாக ஒரு செருகுநிரலை நிறுவ வேண்டியிருக்கும். ஓப்பன்சூசேயில் 'சூடோ ஸிப்பர் ஆட்லாக்', திறக்க 'ரிமூவ்லாக்'. ஆர்ச்சில் /இடிசி/பேக்மேன்.கான்ஃப் கோப்பில் 'இக்னோர்பேக்கேஜ்' வரியில் (பேக்கேஜ் என்பது இங்கே பி, கே, ஜி மட்டும்) பெயரை எழுதலாம். ஆனால் ஆர்ச்சில் ஒன்றை நிறுத்தி மற்றதை ஏற்றுவதை அவர்களே ஆதரிப்பதில்லை. இரண்டு மூன்று நாளுக்கு மேல் அங்கே பூட்டிவைக்காதீர்கள்.

எதைப் பூட்டக்கூடாது

ஓப்பன்எஸ்எஸ்எல் (இணையத் தகவலை மறையாக்கும் நூலகம்), சி நூலகம் (ஏறக்குறைய எல்லா மென்பொருளும் நம்பியிருப்பது), பிரவுசர், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழையும் கருவி). இவற்றின் மேல் கை வைக்க வேண்டாம். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை ஓப்பன்எஸ்எஸ்எல்லில் வெளிப்பட்டது. அப்போது டெபியன் 7-இல் இருந்தது 1.0.1இ. திருத்தம் வந்த பிறகும் பேக்கேஜில் அதே 1.0.1இ-தான், அதன் வால் மட்டும் 'டெப்7யு5' என்று மாறியது. நிலைப் பதிப்புகளில் பாதுகாப்புத் திருத்தம் பெரும்பாலும் இப்படித்தான் வரும். மென்பொருள் அதே, ஓட்டை மட்டும் அடைபட்டிருக்கும். பழக்கப்பட்ட பதிப்பு மாறிவிடுமே என்று பயந்து இவற்றைப் பூட்டுகிறவர்கள், மாறாத ஒன்றுக்குப் பயந்து ஓட்டையைத் திறந்துவைக்கிறார்கள்.

முழுப் பதிப்பே மாறுவதுதான் பயம் என்றால், உதாரணமாக 22.04 ஒரு நாள் 24.04-க்கு மாறச் சொல்லிக் கேட்பது, அதற்கு பேக்கேஜைப் பூட்ட வேண்டியதில்லை. /இடிசி/அப்டேட்-மேனேஜர்/ரிலீஸ்-அப்கிரேட்ஸ் கோப்பில் 'பிராம்ப்ட்' வரியை 'நெவர்' என்று மாற்றினால் கேட்பது நிற்கும்.

பூட்டைத் திறக்கிற நாள்

ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சின்னத் தாள் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டுவது என் வழக்கம். எந்த பேக்கேஜ், ஏன், என்று வரை. எஸ்டேட்டில் ஒட்டிய தாளில் இப்படி எழுதினேன்: "கெர்னல் 6.2 பூட்டு. வைஃபை டிரைவர். மார்ச் கடைசிக்குள் பார்க்கவும்." மாதம் ஒருமுறை ஷோஹோல்ட் அடித்து, திரையில் வரும் பெயரும் தாளில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்க்கச் சொல்லியிருந்தேன். ரைட்டர் ஒவ்வொரு முறையும் அதைப் போட்டோ எடுத்து அனுப்பினார்.

மார்ச்சில் 6.5-க்கு ஏற்ற டிரைவர் பதிப்பு வந்துவிட்டது. மேலே போனேன். திறக்கும்போது வரிசை முக்கியம். முதலில், பழைய கெர்னலில் இணையம் இருக்கும்போதே புதிய டிரைவரை இறக்கி நிறுவினேன். அடுத்து அன்ஹோல்ட். பிறகு ஆப்ட் அப்டேட், ஒத்திகை, அப்கிரேட். தனியாக நிறுவிய டிரைவரை ஒவ்வொரு கெர்னலுக்கும் உருவாக்கும் கருவி டிகேஎம்எஸ்; 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' என்று அடித்துப் பார்த்தேன். புதிய கெர்னல் எண்ணுக்கு நேரே 'இன்ஸ்டால்ட்' என்று இருந்தது, அதாவது டிரைவர் அந்தக் கெர்னலுக்கும் உருவாகிவிட்டது. அதைப் பார்த்த பிறகே ரீஸ்டார்ட். கிரப் மெனுவில் 6.5-ஐத் தேர்ந்தெடுத்தேன்.

வைஃபை குறி வந்தது. "இன்னொருக்கா ஆஃப் பண்ணிப் போட்டுப் பாருங்கண்ணா" என்றார் ரைட்டர். போட்டோம், வந்தது. பழைய கெர்னலை இன்னும் ஒரு மாதம் அப்படியே விட்டுவைக்கலாம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மானிட்டர் ஓரத்தில் இருந்த தாளை மெதுவாகப் பிரித்தெடுத்து, பின்பக்கம் அன்றைய தேதியை எழுதி, மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.